மேல்மண்

தொலைக்காட்சியில் தன் பெயரைச் சொல்லக் கேட்டதும் லோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ரோண்டா ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினாள். கடை அவளுடையது. வயோமிங்கின் அந்தச் சின்ன ஊரில் சுரங்கத்து ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வேறு இடம் இல்லை. எல்லா மேசையிலும் சூடான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் தொடுவாரில்லாமல் ஆறிக்கொண்டிருந்தன.

லோரீனின் புருஷன் கிளைட் பக்கத்தில் உட்கார்ந்து தன் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருஷமாகச் சுரங்கத்தில் அவனுக்கு மேல்மண் வேலை. கரிக்குத் தோண்டுமுன் மேல்மண்ணை வழித்தெடுத்துத் தனியாகக் குவிக்க வேண்டும். கரி தீர்ந்தபின் அதே மண்ணைக் கொண்டுவந்து பரப்ப வேண்டும். சட்டம் அப்படி. எவ்வளவு தேய்த்தாலும் அந்த நகங்கள் வெளுப்பதில்லை.

வாஷிங்டனில் ஓர் அவை உறுப்பினர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லோரீன் எழுதிய கடிதத்தை வாசித்தார்.

அரசு நிலத்தில் இனிமேல் நிலக்கரிக்குக் குத்தகை கிடையாது என்று முந்தைய ஆட்சி தடை போட்டிருந்தது. அதை நீக்கத்தான் இன்று வாக்கெடுப்பு.

தடை வந்த கையோடு ஆட்குறைப்பும் வந்தது. முதலில் போனவர்கள் இளவட்டங்கள். லோரீனின் ஒரே மகன் டஸ்டினும் போனான், டெக்சஸில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு. அவன் போன வாரமே சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் இந்தக் கடிதத்தை எழுதினாள். எனக்கு அரசியல் தெரியாது, தடையை எடுத்துவிடுங்கள், என் பிள்ளை வீட்டுக்கு வரட்டும்.

கம்ம வேண்டிய இடத்தில் அந்த உறுப்பினருக்குக் குரல் சரியாகக் கம்மியது. அந்தத் தாய் இன்னும் காத்திருக்கிறாள் என்று முடித்தார்.

கடையில் ஒருவரும் நிமிரவில்லை.

டஸ்டின் பிப்ரவரியிலேயே வந்துவிட்டான். கிணற்றடியில் இரும்புக் குழாய்கள் சரிந்து அவன்மேல் விழுந்திருந்தன. அந்த வாரம் முழுக்க ஊரே அவள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது. திருப்பித் தராத பாத்திரங்கள் இரண்டு இன்னும் அவளிடம் இருக்கின்றன.

ஏப்ரலில் அவள் வாஷிங்டனுக்கு ஃபோன் செய்து, கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சினாள். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசி, அவள் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அதோடு சரி.

தடை நீங்கியது.

எல்லோருக்கும் கைதட்ட ஆசை. லோரீன் இருக்கிறாளே என்று அடக்கிக்கொண்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரோண்டா வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"உன் லெட்டர்தான்டி ஜெயிச்சுது. எம் பசங்க ரெண்டு பேரும் இனி ஊரவிட்டுப் போக வேணாம்."

லோரீன் சந்தோஷம் என்றாள். அது பொய்யுமில்லை.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் யாரோ வரைபடம் ஒட்டியிருந்தார்கள். முதலில் குத்தகைக்குப் போகும் நிலத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது. அந்த மஞ்சளுக்கு நடுவில் மான்மேடு. பன்னிரண்டு வயதில் டஸ்டின் தன் முதல் மானைச் சுட்ட இடம்.

ஏப்ரலில் பனி உருகியதும் அவளும் கிளைடும் அவன் சாம்பலை அங்கேதான் கொண்டுபோனார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் காற்று எதையும் விட்டுவைக்காது என்பதால் ஒரு சாண் தோண்டிப் புதைத்து, பெயர்த்த புல்லை மேலே வைத்து அழுத்தினார்கள்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். தடை இருக்கிறது, இங்கே எவனும் தோண்ட வரமாட்டான் என்று கிளைடிடம் சொன்னாள். மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது.

கடையிலிருந்து வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும் கிளைட் சாவியைத் திருப்பவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தானோ, என்னவோ.

"மேட்டுக்கு வேற ஆள விடமாட்டேன், லோரீன். நானே மெதுவா எடுத்து வெக்கிறேன்."