மெழுகு அப்படியே கிடக்கட்டும்

"துடையாதை! மெழுகு அப்பிடியே கிடக்கட்டும்!"

மனேஜர் மகேந்திரராஜா போட்ட சத்தத்தில் அழகமுத்துவின் ஆட்டம் நின்றது. பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, சிவப்புச் சீமெந்துத் தரையை முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தவன் ஒற்றைக் காலில் அப்படியே நின்றான்.

"இல்லீங்கய்யா, தேய்ச்சு எடுத்தாத்தான் பளபளப்பு நிக்கும். மேல மெழுகு மிஞ்சுனா ஆளச் சறுக்கி விட்டுரும்."

"உனக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?"

அழகமுத்து மட்டையைக் காலால் ஒதுக்கினான். வேலை வேண்டும். தோட்டத்துத் துரை பங்களாவில் தரை மினுக்கிக்கொண்டிருந்தவன். அந்தத் துரை கப்பலேறிப் போனார். பின்னால் வந்தவர் தரை முழுக்கக் கம்பளத்தை விரித்துவிட்டு இவனை அனுப்பிவிட்டார். இப்போது நாலந்தா ரோட்டில் கூப்பனுக்கு அரிசி கொடுக்கும் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் நாட்கூலி. இன்றைக்கு வரும் இன்ஸ்பெக்டர் குறை சொல்லாமல் போனால் நிரந்தரமாகப் பெயர் பதிவதாக மனேஜர் சொல்லியிருந்தார். மனேஜர்மார் சொல்வதை நம்புகிற வயது அழகமுத்துவுக்கு எப்போதோ போய்விட்டது. ஆனால் வீட்டில் மனைவி சுந்தரம்மா உலை வைக்க வேண்டுமே.

"என்ரை மேசையிலையிருந்து களஞ்சியக் கதவு வரைக்கும் இன்னொருக்காப் பூசு."

"களஞ்சியத்துக்கு உள்ளுக்கும் பூசவாங்கய்யா?"

"உள்ளுக்கு என்னத்துக்கு? கூப்பன் அரிசி மூட்டை முகம் பாக்கப் போகுதோ?"

அந்த நேரம் பார்த்து, அரிசி நிறுக்கும் அப்துல் ஸமத் உள்ளே வந்தார். இரண்டாவது அடியிலேயே செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். தராசைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார்.

"அல்லாவே! இது சங்கமா, சர்க்கஸா? டேய் அழகமுத்து, எனக்கும் உனக்கும் என்னடா கோவம்?"

"என்னயக் கேக்காதீங்க ஸமத் நானா, ஐயாவக் கேளுங்க."

அப்துல் ஸமத் மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். வழுக்கவில்லை.

"பாருங்க சேர், வெறுங்காலுக்கு ஒண்டும் செய்யுதில்ல. இன்ஸ்பெக்டர்கிட்டயும் சப்பாத்தக் கழட்டச் சொல்லுங்க."

"நீர் போய் உம்மடை வேலையைப் பாரும்!" என்று மனேஜர் சீறினார்.

ஜீப் வந்து நின்றது. தன் களஞ்சியத்திலிருந்து சங்கங்களுக்கெல்லாம் அரிசி பிரித்து அனுப்பும் தலைமை அலுவலகமான மாத்தளைப் பெரிய கந்தோரின் இன்ஸ்பெக்டர் இத்ரூஸ் படியேறினார். காலில் புதுத் தோல் சப்பாத்து. தரையைப் பார்த்தார். தன் தொப்பை அதில் தலைகீழாகத் தெரிவதையும் பார்த்தார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"ஐயையோ, என்ன சேர் இது! சப்பாத்தோடையே வாங்கோ!"

ஓடிவந்து கையைப் பிடித்த மனேஜரின் காலில் ஒன்றுமில்லை.

அழகமுத்து திகைத்தான். மினுக்கிய தரையில் சப்பாத்தோடு ஏறச் சொன்ன ஒரு மனிதரை அவன் இதுவரை கண்டதில்லை.

இன்ஸ்பெக்டர் மூன்று அடி வைத்தார். நாலாவது அடியைத் தரையே வைத்துக்கொண்டது. மனேஜர் தாங்கிப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

"களஞ்சியத்த ஒருக்காப் பாப்பமே" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஒரு கால் கண்டிப் பக்கமும் மற்றது தம்புள்ளைப் பக்கமும் போயின. மறுபடியும் கதிரைதான்.

"மெல்ல, மெல்ல, சேர். இடுப்பெலும்பு முறிஞ்சால் பத்துப் போட்டுக்கொண்டு மாசக்கணக்கிலை கிடக்க வேணும்."

இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்த களஞ்சியக் கதவைப் பார்த்தார். அதில் தொங்கிய பெரிய பூட்டைப் பார்த்தார்.

"அரிசியெல்லாம் சரியா இருக்குதானே?"

"கூரை முட்ட அடுக்கிக் கிடக்கு, சேர்."

"எலித் தொல்ல?"

"இந்தத் தரையிலை எலி எப்பிடி சேர் நடக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். தேத்தண்ணீரும் கேக்கும் வந்தன. கதிரையை விட்டு எழும்பாமலே, எல்லாம் சரி என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

வெளியே போகும்போது இன்னொரு தரம் சறுக்கினார். அப்போதுதான் மனேஜருக்குக் கோபம் வந்தது. கையெழுத்து விழுந்த பிறகு வருகிற கோபம்.

"டேய், மெழுகைத் துடைக்கத் தெரியாதோ உனக்கு? சேரைக் கொல்லப் பாத்தியே! நாளையிலையிருந்து இந்தப் பக்கம் வரப்படாது!"

அழகமுத்து சாட்சிக்கு ஆள் தேடித் திரும்பினான். பக்கத்தில் நின்ற அப்துல் ஸமத் தன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"ஆள ஏசாதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ட பையத் தூக்கிக்கிட்டு ஜீப் வரைக்கும் வரட்டும்."

ஜீப்பில் பையை வைத்துவிட்டு அழகமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, சத்தியமா நான் தொடைக்கத்தான் போனேன். மனேஜர் ஐயாதான் வுடல. களஞ்சியம் வரைக்கும் பூசச் சொன்னதும் அவருதான். ஏன்னு நீங்கதாங்கய்யா அவர ஒரு வார்த்த கேக்கணும்."

இன்ஸ்பெக்டர் சங்கத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அவர்ட்ட என்னத்தக் கேக்குற? நீ திங்கக்கிழம காலைல எங்கட கந்தோருக்கு வந்துரு, நிரந்தர வேல தாறன். கொழும்புல இருந்து கணக்குப் பாக்க ஓடிட்டர் வாறார், எங்கட களஞ்சியத்திலயும் ஒரு மூட்டகூட இல்ல."