இரண்டாவது வரிசை

“என்ன வைரவன் இது? ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி பச்சையா நிக்குது?”

சேதுமாதவன் கேட்டார். நாற்பது ஆலிவ் கன்றுகளையும் மறுபடி ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு இலைகூடக் கருகவில்லை.

சவூதியின் வடக்கே, அல்-ஜவ்ஃபில் இருந்தது அந்தத் தோட்டம். ஆலிவ் எண்ணெய் பிழியும்போது வரும் கறுப்புக் கழிவுநீரில் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்து, காற்றைச் செலுத்தி, உரத் தண்ணீராக மாற்றும் பிளான்ட்டுக்கு அவர்தான் இன்ஜினீயர். அது வீண் வேலை என்று முதலாளி மக்தூம் முணுமுணுக்கவே, சேதுமாதவன் ஒரு சோதனை வைத்தார். முதல் வரிசைக்குச் சுத்திகரித்த தண்ணீர். இரண்டாவது வரிசைக்குக் கழிவு அப்படியே. “இரண்டே மாதத்தில் இரண்டாவது வரிசை கருகிவிடும், பாருங்கள்” என்று சொல்லியிருந்தார்.

அதைப் பார்க்கத்தான் மக்தூம் இப்போது வந்துகொண்டிருக்கிறார்.

“பீப்பாய மாத்தி எடுத்துட்டீங்களா?”

“இல்ல சார். எது கழிவுன்னு நாத்தமே சொல்லிருமே.” கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வைரவன் தலை நிமிரவில்லை.

“கழிவுப் பீப்பாய் தினமும் காலியாச்சு. நானே பார்த்தேன்.”

“ஆமா சார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கல.”

அவன் காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். பாவம், பிளான்ட்டை மூடினால் இவனும்தானே ஊருக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் சேதுமாதவன். தான் படித்ததெல்லாம் தப்போ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிப்ரவரிக் குளிரிலும் வியர்த்தது.

வண்டி வந்து நின்றது. மக்தூம் இரண்டு வரிசைகளையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

“கழிவு ஒன்றும் செய்யவில்லையே. பிளான்ட் கலாஸ், மூடிவிடலாம். நாளையிலிருந்து எல்லா மரத்துக்கும் கழிவையே விடுங்கள்.”

சேதுமாதவன் வைரவன் பக்கம் திரும்பினார்.

“என்ன சார் சொல்றாரு?” என்றான் வைரவன்.

“பிளான்ட்ட மூடணுமாம். ஆறாயிரம் மரத்துக்கும் கழிவையே விடச் சொல்றார்.”

வைரவன் முகம் வெளிறியது.

“வேண்டாம் சார். அம்புட்டும் செத்துப்போயிரும். அவர ஒரு நிமிஷம் கேம்ப்புக்குப் பின்னாடி வரச் சொல்லுங்க.”

தொழிலாளர் தங்கும் கேம்ப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு பாத்தி இருந்தது. கத்திரி, மிளகாய், கீரை எல்லாம் வேரோடு கருகிக் கிடந்தன. மண்மேல் கறுப்பாக ஏடு கட்டியிருந்தது. மக்தூம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார். ஆலிவ் கழிவின் நெடி. கையை உதறினார்.

“கழிவெல்லாம் இங்கேதான் வந்திருக்கிறது. பிளான்ட் ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

சேதுமாதவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“கழிவ இங்கயா ஊத்துனீங்க? அப்ப ரெண்டாவது வரிசைக்கு?”

“அதுக்கும் நல்ல தண்ணிதான் சார். சொன்னா அனுப்பிருவீங்கன்னு பயந்து சொல்லல. நிக்கிற கன்னுகளக் கொல்லக் கை வரல. ஆனா நீங்க கேட்ட சோதனையும் நடக்கணுமே.”

வைரவன் கருகிய மிளகாய்ச் செடி ஒன்றை மெல்லப் பிடுங்கினான்.

“இது நான் வளத்ததுதானேன்னு ஊத்திட்டேன்.”