முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில்

எந்தக் கையால் பிடித்திருந்தேன் என்பது இப்போது சரியாக நினைவில்லை. பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தேன் என்பது மட்டும் நிச்சயம். காய்ச்சல் முற்றிய என் தங்கை ஞானம்மாவை, அவள் கணவன் சவரியப்பனின் பழைய பிக்கப்பில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலைச்சாலையின் நடுவில் முதல் டேங்க் தீர்ந்தது. இரண்டாவதற்கு மாற்றும் சுவிட்சைத் தட்டினான். இன்ஜின் இருமி நின்றது. அந்த டேங்க் நிறைய டீசல் இருந்தது. வால்வைத் தட்டினான், குழாயை வாயால் ஊதினான். டீசல் இன்ஜினுக்கு வரவில்லை.

“ரெண்டு டேங்க் இருக்குன்னு பீத்திக்கிட்டு வாங்குனேன் மச்சான்.”

“நான் அப்பவே வேண்டாம்னேன்,” என்றாள் பின்னால் படுத்திருந்த ஞானம்மா. அவளுக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்தபடி கூட வந்த ஊர் நர்ஸ் சிரித்துவிட்டாள்.

சவரியப்பன் பானெட்டைக் கழற்றினான். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தண்ணீர் பாட்டிலில் நிரப்பி, அதிலிருந்து இன்ஜினுக்குக் குழாய் விட்டான். நான் மட்கார்டில் உட்கார்ந்து அதை உயர்த்திப் பிடித்தேன். தீரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி நிரப்பினோம்.

அப்படி நின்ற ஓரிடத்தில் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைக் கீழே இறக்கியிருந்தாள். என்னைப் பார்த்து இல்லையென்று தலையை அசைத்தாள். டேங்கின் பக்கம் குனிந்திருந்த சவரியப்பன் வாயிலிருந்த டீசலைத் துப்பிவிட்டு, “ஒசத்திப் பிடிங்க மச்சான், இன்னும் கொஞ்ச தூரந்தான்,” என்றான். பிடித்தேன். அதன்பிறகு இன்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை.

ஞானம்மாவை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். நர்ஸ் மாற்றலாகிப் போனாள். சவரியப்பன் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டான். பிக்கப் அவன் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டாவது டேங்கில் மிச்ச டீசல் அப்படியே இருக்கிறது.