படகுப் பக்கம்

"யார் செஞ்சது இது?"

டீச்சர் சத்தம்கூடப் போடவில்லை. ஆனாலும் இரண்டாம் வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது.

அவர் கையில் இருந்த படப்புத்தகத்தின் நடுவே எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. சாப்பிட்ட கை பட்டு ஒட்டியது அல்ல. நான்கு ஓரமும் பார்த்துப் பார்த்துப் பசை தடவி ஒட்டியது.

சன்னல் ஓர பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நான்தான் டீச்சர்."

ரேடியோ. வாய் ஓயாதவன் என்பதால் வகுப்பே வைத்த பெயர்.

டீச்சர் பக்கங்களைப் பிரிக்கப் பார்த்தார்; பிரியவில்லை. நாளைக்கு வெளிப் பள்ளி ஆசிரியர்கள் அவர் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளவும், எந்த நாட்டுக்காரரையும் நம்மவராக நினைக்கவும் படப்புத்தகத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று அவர் காட்ட வேண்டும். அதற்காகவே வைத்திருந்த புத்தகம் இது. ஊரை விட்டுப் படகில் தப்பி வரும் ஒரு குடும்பத்தின் கதை. அதில் உயிரே அந்தப் படகுப் பக்கம்தான். விரிந்த கடல், இருட்டு, ஒரு சின்னப் படகு. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அந்த இடத்தில் டீச்சர் நிறுத்திவிடுவார். ஒவ்வொரு முறையும் வகுப்பு கண்கலங்கும்.

பயல் அதைத்தான் பார்த்து ஒட்டியிருக்கிறான்.

ஏன் என்று கேட்டதற்கு ரேடியோ வாயைத் திறக்கவில்லை. அதட்டிக் கேட்டும் பயனில்லை, கொஞ்சிக் கேட்டும் பயனில்லை.

பள்ளி விட்டதும் அவன் அப்பாவை வரவழைத்தார். தச்சர் அவர். மரத்தூள் படிந்த சட்டையோடே வந்தவர், புத்தக ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இது நம்ம பட்டறைப் பசை டீச்சர். கதவையே கெட்டியாப் பிடிச்சுக்கும்."

சொல்லும்போதே குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்துவிட்டது. அடக்கிக்கொண்டு மகனை முறைத்தார். பல் விளக்கும்போதே பேச ஆரம்பிக்கிறவன், இன்றைக்கு இவனுக்கு என்ன வந்தது என்று அலுத்துக்கொண்டார். வேறு புத்தகம் வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

நாளைக்குள் கிடைக்காது என்றார் டீச்சர். அதனால் நாளை ஒருநாள் இவன் அடுத்த வகுப்பில் உட்காரட்டும் என்றார்.

ரேடியோவின் உதடு துடித்தது.

டீச்சர் பொறுமைசாலி. மேசையிலிருந்து முக அட்டைகளை எடுத்துப் பரப்பினார். சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு முகம். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் அட்டையை எடுத்துக் காட்டலாம்.

"பசை தடவும்போது உன் மனசு இதுல எந்த முகம்? எடு பார்ப்போம்."

கோபத்தைத்தான் எடுப்பான் என்று நினைத்தார். அரட்டை தாங்காமல் போன மாதம்தான் அவனை இடம் மாற்றி, புதுசு பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். புதுசு என்பது கடல் தாண்டிக் குடும்பத்தோடு வந்து சேர்ந்த பெண். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். அந்தக் கடுப்பு இவனுக்கு இருக்காதா?

ரேடியோ எடுத்தது பயந்த முகத்தை.

"நான் திட்டுவேன்னு பயமா?"

"எனக்கில்ல டீச்சர். புதுசுக்கு."

டீச்சரின் குரல் இளகியது. "அந்தப் படத்தைப் பார்த்தா அவளுக்குப் பயமா இருக்காப்பா?"

"இல்லையே. படம் அவளுக்குப் பிடிக்கும். படகு ஓரத்துல ஒரு நாய்க்குட்டி இருக்குல்ல, அதை அவதான் எனக்குக் காட்டினா. நீங்ககூடப் பார்த்திருக்க மாட்டீங்க."

டீச்சர் பார்த்ததில்லை.

"அப்போ பயம் எதுக்குடா?"

ரேடியோ அப்பாவைப் பார்த்தான். அப்பா தலையசைத்தார்.

"அந்தப் பக்கம் வந்தாலே நீங்க அவளை எழுந்து நிக்கச் சொல்வீங்க. உனக்கு எப்படி இருந்துச்சு, எல்லாருக்கும் சொல்லும்மான்னு கேப்பீங்க. அவ எழுந்து நிக்கிறப்போ கையப் பின்னாடி விட்டு என் சட்டையப் பிடிச்சுப்பா. உட்கார்ற வரைக்கும் விடமாட்டா. நாளைக்கு நிறையப் பேரு வருவாங்கன்னு சொன்னீங்கல்ல."

டீச்சர் முக அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமேப்பா."

"வகுப்புல சொன்னா எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பாங்களே டீச்சர்."

பக்கத்தைப் பிரிக்க எடுத்து வைத்திருந்த இரும்பு ஸ்கேலை டீச்சர் இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

மறுநாள் வகுப்பு நிறைய விருந்தாளிகள். டீச்சர் கதை சொன்னார். யாரையும் எழுப்பவில்லை. சன்னல் ஓர பெஞ்சில் ரேடியோ வழக்கம்போல ஏதோ கிசுகிசுக்க, புதுசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வகுப்பு முடிந்ததும் கண்ணாடி போட்ட ஒரு ஆசிரியர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"நடுவுல ரெண்டு பக்கம் ஒட்டியிருக்கே, நீங்க கவனிக்கலையா?"

"நான் கவனிக்கலைங்க," என்றார் டீச்சர். "கவனிச்ச ஒருத்தன்தான் ஒட்டிட்டான்."