தவளைப் பாஷை படித்த மைனா

மைனா சொக்கிக்கு ஆடு, அணில், காக்கை என்று அக்கம்பக்கத்துப் பாஷைகள் அத்தனையும் அத்துப்படி. பாறைக்குளத்தில் மிஞ்சியிருந்த சில தவளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாஷை மட்டும்தான் பாக்கி. அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று கொப்புளான் தவளையிடம் பாடம் கேட்கப் போனாள்.

“தூறலுக்கு ‘க்ளக்’. அடைமழைக்கு ‘க்ளக்ளொக்’. வர்ற மாதிரி வந்து ஏமாத்துற மழைக்கு ‘க்ளூ...ப்’. கழுத்தை நல்லா உப்பிக்கிட்டுச் சொல்லணும்,” என்றான் கொப்புளான்.

சொக்கி உப்பிப் பார்த்தாள். விக்கல்தான் வந்தது. குளமே சிரித்தது.

“இப்போ நான் என்ன சொல்லிட்டேன்?”

“முதுகு அரிக்குதுன்னு சொன்னீங்க அக்கா.”

சொக்கி விடவில்லை. மத்தியானத்துக்குள் விக்கி விக்கியே மழையைப் பற்றி ஓரளவு பேசப் பழகிவிட்டாள். அப்போது தவளைகள் எல்லாம் திடீரென்று வாயை மூடிக்கொண்டன.

“ஏன் நிறுத்திட்டீங்க? பாடத்தைச் சொல்லுங்க,” என்று சொக்கி கத்தினாள்.

புதருக்குள்ளிருந்து ஒரு பாம்பு பாய்ந்தது. சொக்கி பறந்து தப்பியதே பெரிது. வால் இறகு பாம்பின் வாயோடு போயிற்று.

கிளையில் உட்கார்ந்துகொண்டு, “பாம்பு வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள்.

கொப்புளான் விழித்தான். “அந்த வார்த்தையைத்தானே அக்கா, நாங்க அத்தனை பேரும் சேர்ந்து உரக்கச் சொன்னோம்?”