ஸ்டக் ஆகாத திரை

“ஓடர் பொத்தானை அமத்தினா மையித்து மாதிரி உசிரில்லாமக் கிடக்குது. இதையும் ஒரு வேலையெண்டு செஞ்சிரிக்காய்!” ஹார்ட்வெயார் கடை மஹ்றூப் ஹாஜியார் நான் எழுதிய மென்பொருளைக் காறித் துப்பினார்.

கையிருப்பைக் கணக்கிட்டுக் கம்பனிக்குச் சீமெந்து ஓடர் அனுப்பி முடியும்வரை திரை அசையாது. அந்த வேலையைப் பின்னணிக்கு மாற்றினேன். இனி ஓடர் போய்க்கொண்டிருக்கும்போதே பில்லும் போடலாம்.

“இப்பதான் உசிரு வந்திரிக்கி. முதல்லயே செய்யத் தெரியல்லயா உனக்கு?”

இரண்டு நாளில் ஹாஜியார் போனில் கத்தினார். ஓடிப்போனேன். கடை வாசலிலிருந்து பள்ளிவாசல் வரை சீமெந்து லொறிகள்.

“எத்தனை தரம் அமத்தினீங்க, ஹாஜியார்?”

“அது ஸ்டக் ஆகல்லயே! ஓடர் போகல்லயாக்கும் எண்டு அமத்திக்கிட்டே இருந்தன். பழையபடி மாத்தித் தா. மையித்து மாதிரிக் கிடந்தாத்தானே வேலை நடக்குதெண்டு விளங்கும்!”