மூன்றாவது பாட்டின் பொருள்

புக்கிட் பெருவாங் வீட்டில் அன்று மூன்று பேர். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில், தான் பாட்டெழுதிய புது ராக் ஆல்பத்தோடு வந்திருந்த தினேஷ்வரன். சோபாவில் தேவன். அவனை ஒட்டி மனைவி கலைமகள்.

மூன்றாவது பாட்டு கிடாரோடு கதறியது: "என் வீட்டுக்காரருக்கு ஜொகூர் பக்கம் மாற்றல் கொடு, நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்!"

தேவன் துள்ளினான். "வீட்டுக்காரர்னா இங்க புருஷன் இல்ல லா. நம்மள அமுக்குற கம்பெனி. ஜொகூர்னா விடுதலை. சரியா?"

"அப்படியும் எடுத்துக்கலாம்ணே."

"இந்த வரி எப்படித் தம்பி வந்துச்சு?" என்றாள் கலைமகள்.

"தானா வந்துச்சுக்கா."

"சும்மாவா?" தேவன் பெருமையாகச் சொன்னான். "நம்ம சிவன் கோயில் மைக் செட்டே இவன்தான். பிரதோஷம்னா நந்தி பக்கத்துல மைக்க வச்சிட்டு, ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். பக்தி லா!"

கலைமகள் அந்த வேண்டுதலைத் தாயிடம்கூடச் சொன்னதில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டு, நந்தியின் காதில் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் கோயில் நிர்வாகத்துக்கு எழுதினாள்: "நந்தியின் காதுக்கும் சுவாமிக்கும் நடுவில் இன்னொரு காது வேண்டாம். மைக்கை எடுத்துவிடுங்கள்." பெயர் போடவில்லை. உறையை ஒட்டி, வேலைக்குக் கிளம்பிய தேவனிடமே தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.